காலுக்குள் பிளேட் இருக்கிறதா?

உத்திரமேரூர்–காஞ்சிபுரம் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து, பிளேட்டோ ராடோ வைத்துக்கொண்டு திருப்புலிவனம் திரும்பியவர்களுக்காக இது. எலும்பு கூடியதும் கவலை விட்டது என்று நினைக்கிறோம். ஆனால் உலோகத்துக்குள் ரத்தம் ஓடாது. அதில் கிருமி ஒட்டினால் குளத்துப்படிப் பாசி மாதிரி படலம் கட்டிக்கொள்ளும். மாத்திரை அதைத் துளைக்காது. 1957-ல் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் சோதித்தார்கள். சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டுநூல் தையல் ஒன்று உள்ளே இருந்தால் சில நூறே போதுமாக இருந்தது.

செய்ய வேண்டியவை

• சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீடு தேடி வந்து தரும் மாத்திரை, டப்பாவில் சேர்த்து வைப்பதற்கல்ல.

• தழும்பு சிவந்தாலோ, சூடாக இருந்தாலோ, ஊசிமுனை அளவு துளையில் நீர் கசிந்தாலோ ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் எக்ஸ்ரேயும் கையில் இருக்கட்டும். முதல் சில வாரங்களில் போனால் உள்ளே கழுவிவிட்டு பிளேட்டைக் காப்பாற்ற வழியுண்டு. மாதக்கணக்கில் தள்ளினால் பெரும்பாலும் கழற்றத்தான் வேண்டும். ஆபரேஷன் முடிந்து வருடங்கள் கழித்தும் இந்தத் தொற்று வரலாம்.

• இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால், பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே மருந்து தருவார். கால் பிளேட்டுக்கு வழக்கமாக அது தேவையில்லை.

செய்யக்கூடாதவை

• மருந்துக்கடையில் “சீழுக்கு ஏதாவது கொடுப்பா” என்று கேட்காதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மூன்று நாள் ஆன்டிபயாடிக்கில் கசிவு நிற்கும், வலி குறையும், படலம் அப்படியே இருக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் சீழை எடுத்துக் கல்ச்சர் வைத்தால் ‘கிருமி இல்லை’ என்று வந்துவிடும். எந்த மருந்து கேட்கும் என்று டாக்டருக்கும் தெரியாமல் போகும். அதனால்தான், நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால், மருந்தை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் சாம்பிள் எடுக்கிறார்கள். காய்ச்சல் குளிரோடு அடித்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள்.

• தையல் மேல் பச்சிலை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியப் புத்தூர் கட்டா ஆபரேஷனா என்ற வாதமெல்லாம் ஆபரேஷனுக்கு முன்னால் பேச வேண்டியது.

• புண் முழுதாக மூடும்வரை நடவுச் சேற்றில் இறங்காதீர்கள், ஏரியில் குளிக்காதீர்கள்.

• பீடி, சிகரெட் கூடாது. புண்ணும் ஆறாது, எலும்பும் கூடாது.