உற்பத்திச் செயன்முறையைக் கணினியில் மாதிரியமைத்தலும் அளவிடலும்

இயங்கும் தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களை இடம்மாற்றிப் பரிசோதிப்பது செலவு மிக்கது. அவ்வேளையில் உற்பத்தியும் தடைப்படும். ஆகவே இயந்திரங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கும் நேரம் முதலியவற்றைக் கணினிக்கு உள்ளீடாக வழங்கி, முதலில் அங்கு இயக்கிப் பார்க்கின்றனர். இது போலச்செய்தல் எனப்படும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜெஃப்ரி கோர்டன் 1961 இல் உருவாக்கிய ஜீ.பி.எஸ்.எஸ். இவ்வகையின் ஆரம்ப மென்பொருள்களுள் ஒன்றாகும். நோர்வேயில் ஆக்கப்பட்ட சிமுலா மொழியும் இத்தேவைக்காகவே தோன்றியது. இன்று அரினா, ஃப்ளெக்ஸ்சிம் போன்றவை பயன்படுகின்றன. எனினும் அடிப்படைக் கணிப்பைப் பாடசாலைக் கணினியிலுள்ள விரிதாளிலேயே செய்யலாம்.

1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆடை எமது நாட்டின் பிரதான ஏற்றுமதிகளுள் ஒன்றாக வளர்ந்தமையால், உதாரணத்தையும் அங்கிருந்தே எடுப்போம்.

ரீ சேர்ட் தைக்கும் வரிசையொன்றில் (தொழிற்சாலையில் இதனை ‘லைன்’ என்பர்) நால்வர் உள்ளனர் எனக் கொள்வோம். தோள் மூட்டல் 30 செக்கன், கொலர் பொருத்தல் 50 செக்கன், கை பொருத்தல் 40 செக்கன், பக்கம் மூட்டல் 40 செக்கன். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை ரீ சேர்ட் வெளிவரும்?

மாணவர் பலர் சராசரி நேரமாகிய 40 செக்கனால் 3600 ஐ வகுத்து 90 என எழுதுவர். இது பிழை. மிக மெதுவான வேலையே முழு வரிசையின் வேகத்தையும் தீர்மானிக்கும். ஆகவே விடை 3600 ÷ 50 = 72 ஆகும். தோள் மூட்டுபவரோ மணித்தியாலத்திற்கு 120 தைத்துவிடுவார். எனவே கொலர் பொருத்துபவரின் முன்னால் மணிக்கு 48 வீதம் துணிகள் குவியும். அவர் சோம்பேறி எனப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். உண்மையில் குறை வேலைப் பங்கீட்டிலேயே உள்ளது. தோள் மூட்டலுக்கு வேகமான புதிய இயந்திரம் வாங்கினால் குவியல் மட்டுமே பெருகும், வெளியீடு 72 ஆகவே இருக்கும்.

இனி, அந்த 50 செக்கன் எங்கிருந்து வந்தது? நிறுத்தற் கடிகாரத்தால் பலமுறை அளந்து சராசரி காண்பர். களைப்பு, நூல் அறுதல் முதலியவற்றுக்கும் நேரம் சேர்ப்பர். கை அசைவுகளுக்கு முன்கூட்டியே வரையறுத்த நேரங்களைக் கூட்டும் ஜீ.எஸ்.டி. என்ற மென்பொருளும் தையல் துறையில் உண்டு. காலை வேளையில், மிக விரைவாகத் தைக்கும் ஒருவரை மட்டும் அளந்து 40 செக்கன் என உள்ளிட்டால், கணினி தயக்கமின்றி 90 என இலக்குத் தரும். எட்ட முடியாத அந்த 18 உம் தைப்பவரின் கணக்கிலேயே குறையாக எழுதப்படும்.

பயிற்சி: கொலர் பொருத்தலுக்கு இன்னொரு இயந்திரமும் ஊழியரும் சேர்க்கப்படின் மணித்தியால வெளியீடு யாது? அது ஏன் 144 ஆகாது?

விடை: 90. கொலர் இப்போது 25 செக்கனுக்கு ஒன்று வீதம் முடிந்தாலும், அடுத்துவரும் இரு வேலைகளுக்கும் 40 செக்கன் தேவை.