தீவுக் கல்லூரியில் ஒலியியல்

இயற்பியலின் பிரிவுகளுள் சிறு முதலீட்டில் பெரும் பயன் தரத்தக்கது ஒலியியலே எனலாம். ஓர் இசைக்கவை, நீர் நிரப்பிய நீண்ட கண்ணாடிக் குழாய், இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பி ஆகியவை இருந்தால் பட்ட வகுப்புச் சோதனைகளில் பெரும்பாலானவற்றை நடத்திவிடலாம். முன்னர் விலை மிகுந்த அலைவுகாட்டியைக் கொண்டு செய்த பகுப்பாய்வை, இன்று மாணவனின் கைப்பேசியே செய்துவிடுகிறது. எனினும் நம் கல்லூரிகள் பலவற்றில் இப்பாடம் நான்கைந்து சூத்திரங்களோடு முடிந்துவிடுவது வருந்தத்தக்கது. அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் பொறுத்தவரை இந்த இழப்பு சற்றுக் கூடுதலானது. காற்றிலும் மரத்திலும் நீரிலும் ஒலி செல்லும் முறையைக் கற்க இத்தீவுகளைவிட ஏற்ற இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா 1967இல் தொடங்கப்பட்டது. மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி 1990இல் ஏற்பட்டது. மேற்படிப்புக்காகக் கப்பலேறிச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ சென்றாக வேண்டும் என்ற நிலை இவற்றால் ஓரளவு மாறியது.

முதற் சோதனையிலேயே தீவு தன் இயல்பைக் காட்டிவிடும். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு 331 மீட்டர் என்று பாடநூல் கூறும். அது வெப்பநிலை சுழியாக இருக்கும்போது உள்ள அளவாகும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் வேகம் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். முப்பது பாகை வெப்பமும் கடல் ஈரமும் உள்ள ஆய்வுக்கூடத்தில் மாணவனுக்குக் கிடைப்பது 350 மீட்டருக்கு அண்மையான விடை. வினாடிக்கு 512 அதிர்வுகள் கொண்ட இசைக்கவையைக் குழாயின் வாயருகே பிடித்தால், காற்றுத் தம்பம் சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில் உரக்க ஒலிக்க வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் நீளம் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதிர்வு குழாயின் வாய்க்கு வெளியேயும் சிறிது நீள்வதே காரணம். குழாயின் விட்டத்தில் பத்தில் மூன்று பங்கை அளந்த நீளத்துடன் கூட்டினால் கணக்கு நேராகும். நூலில் உள்ள எண் வரவில்லையே என்று அளவைத் திருத்தி எழுதும் வழக்கம் மாணவரிடையே உண்டு. அதை ஆசிரியர் முளையிலேயே கிள்ள வேண்டும்.

இசைக்கு வருவோம். இழுத்துக் கட்டிய கம்பி ஒன்று, இரண்டு, மூன்று என்ற முழு எண் விகிதங்களில் அதிர்வதால் அதன் ஒலி இனிக்கிறது. தோலின் கதை வேறு. சீராக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒழுங்கின்றிச் செல்கின்றன. எனவேதான் சாதாரண முரசுக்குத் திட்டமான சுருதி இல்லை. அப்படியானால் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் எவ்வாறு சுருதி சேர்கிறது? இதற்கு விடை கண்டவர் சர் சி. வி. இராமன். 1907இல் மத்திய அரசின் நிதித் துறையில் அதிகாரியாகச் சேர்ந்த அவர், அலுவலக நேரம் போக எஞ்சிய காலத்தைக் கல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் செலவிட்டார். 1917இல் பதவியைத் துறந்து பேராசிரியரானார். (கோப்புகளுக்கிடையே வாழும் எம் போன்றோருக்கு இது ஒருவகையில் ஆறுதல், ஒருவகையில் வெட்கம்.) மிருதங்கம், தபலா ஆகியவற்றைப் பற்றி 1920இலும் பின்னர் 1930களின் நடுவிலும் அவர் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்.

தோலின் நடுவே கிட்டக்கல் பொடியையும் சோற்றையும் பிசைந்து அடுக்கடுக்காகப் பூசிய கரணை, நடுப்பகுதிக்குக் கனம் சேர்க்கிறது. அதனால் தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் இடம் பெயர்ந்து ஐந்து முழு எண் சுரங்களாக ஒன்றுதிரள்கின்றன. அடிப்படைச் சுரமும் இரண்டாவதும் ஒவ்வொரு வகையாலும், மூன்றாவதும் நான்காவதும் இவ்விரண்டு வகைகளாலும், ஐந்தாவது மூன்று வகைகளாலும் அமைகின்றன. தோலின் மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிராத கோடுகளில் மணல் தங்கி அவ்வகைகளைக் கண்ணுக்குக் காட்டும். கரணை பூசிய கைவினைஞர் இச்சமன்பாடுகளை அறியார். அவர் காது அறிந்திருந்தது. தமிழர் பெருமளவில் வாழும் இத்தீவுகளில் சோதனைக்கு ஒரு மிருதங்கம் கிடைப்பது அரிதன்று.

தீவின் சொந்தக் கருவியும் ஒன்றுண்டு. அந்தமான் பழங்குடியினர் பாடாக் மரத்தில் கேடயம் போலக் குடைந்த பலகையைக் குழிந்த பக்கம் தரையை நோக்குமாறு வைத்து, ஒரு காலால் அழுத்தி மறுகாலால் தட்டி ஆட்டத்துக்குத் தாளம் தந்தனர். எம். வி. போர்ட்மன் 1888இல் வெளியிட்ட அந்தமானியர் இசை பற்றிய கட்டுரை இத்துறையின் பழைய ஆவணங்களுள் ஒன்று. இன்று இதைக் கற்க விரும்புவோர் பழங்குடியினரின் காட்டுக்குள் செல்லலாகாது. 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது. தேவையும் இல்லை. ஒரு பாடாக் மரத்துண்டே பாடம் நடத்தப் போதும். சீரான சட்டமொன்றை இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் 22 விழுக்காடு தள்ளித் தாங்கித் தட்டினால் அது நன்றாக ஒலிக்கும். அவ்விடங்கள் அடிப்படை அதிர்வில் அசையாத புள்ளிகள். அடுத்த சுரம் இரண்டு மடங்காக வராமல் 2.76 மடங்காக வரும். கம்பிக்கும் சட்டத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கேட்டவன் எளிதில் மறவான்.

இனிக் கடல். 1883 ஆகஸ்டு 27 அன்று சுந்தா நீரிணையில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது, பீரங்கி முழக்கம் போன்ற ஓசை அந்தமான் நிக்கோபார் தீவுகள் வரை கேட்டது. போர்ட் பிளேருக்கும் அந்த எரிமலைக்கும் இடையே சுமார் 2,400 கிலோமீட்டர். அவ்வோசை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்திருக்கும் என்பதை முதலாண்டு மாணவனும் கணக்கிடலாம்.

நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்கிறது. ஆழம் மிகுமிடத்தில் குளிர்ச்சியால் வேகம் குறைந்து, அதற்கும் கீழே அழுத்தத்தால் மீண்டும் கூடுகிறது. வேகம் குறைந்த இடைப்பட்ட அடுக்கில் அகப்பட்ட ஒலி, கால்வாய் நீர் போல நெடுந்தூரம் செல்லும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடி பிளந்தபோது எழுந்த ஒலியை, அணு வெடிச் சோதனைகளைக் கண்காணிக்க தியேகோ கார்சியா அருகே இடப்பட்டிருந்த நீரொலி வாங்கிகள் பதிவு செய்தன. ஒலி வந்த திசை சிறிது சிறிதாக வடக்கே நகர்ந்ததைக் கொண்டு, நிக்கோபாரைக் கடந்து அந்தமான் வரை சுமார் 1,200 கிலோமீட்டருக்குப் பிளவு நீண்டதை 2005இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு எதுவும் இருக்கவில்லை. பதிவான ஒலி பின்னர் ஆராயப்பட்டதேயன்றி, கரையில் இருந்தவர்களுக்கு உதவவில்லை.

2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது. கடலடியில் வைத்த அழுத்தமானி நீர்மட்டத்தின் சிறு உயர்வையும் உணர்ந்து, அச்செய்தியை ஒலித் துடிப்புகளாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்புகிறது. மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குத் தருகிறது. வானொலி அலை கடல்நீரில் வெகுதூரம் செல்லாது. ஆகவே முதற் கட்டத்தை ஒலியே கடந்தாக வேண்டும். ஆழம் 3,000 மீட்டராயின் அதற்கு இரண்டு வினாடி ஆகும். அத்துடிப்பு மழை, அலை, கப்பல் ஆகியவற்றின் இரைச்சலிடையே தெளிவாகக் கேட்பதற்கு எந்த அதிர்வெண்ணைத் தேர்வது என்பது, கண்ணாடிக் குழாயருகே தொடங்கிய அதே பாடத்தின் அடுத்த கணக்கு.