உரச் சாக்கு வந்த வழி

தோட்டத்தில் உரம் போடும் நாளன்று லாரியிலிருந்து இறங்கும் சாக்குகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒன்றில் பழுப்பு நிறப் பொடி. மற்றொன்றில் செந்நிறக் குருணை. இன்னொன்றில் வெண்ணிற மணிகள். இவற்றைச் சுமந்து சென்று செம்பனை மரங்களுக்கு இடும் கைகள் பல. ஆயினும், இவை எங்கே பிறந்தன, எவ்வாறு இங்கு வந்து சேர்ந்தன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை அறிந்துகொண்டால், உரத்தை எத்துணைக் கருத்தோடு கையாள வேண்டும் என்பது தானே விளங்கும்.

பயிருக்கு முதன்மையாக வேண்டிய சத்துகள் மூன்று. அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்பனவாம். தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றிலேயே நிறைந்துள்ளது. இயற்கை வாயுவின் துணையால் அதனை யூரியாவாக மாற்றும் ஆலைகள் நம் நாட்டிலேயே உள்ளன. சரவாக்கின் பிந்துலுவில் 1985ஆம் ஆண்டில் அத்தகைய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் கெடாவின் குரூனிலும் சபாவின் சிப்பித்தாங்கிலும் ஆலைகள் எழுந்தன. ஆனால் மற்ற இரண்டு சத்துகளும் அவ்வாறு ஆக்கப்படுவன அல்ல. அவற்றை நிலத்திலிருந்தே தோண்டி எடுத்தல் வேண்டும். நமக்கு வேண்டிய அளவு அவை நம் மண்ணில் இல்லாமையால் கப்பல் வழியே வருகின்றன. ஜொகூரில் 1977ஆம் ஆண்டில் செயற்படத் தொடங்கிய பாசிர் கூடாங் துறைமுகம், உரம் வந்திறங்கும் துறைகளுள் ஒன்றாகும்.

தீவில் பிறந்த மணிச்சத்து

பழுப்பு நிறப் பொடி பாஸ்பேட் பாறையை அரைத்துப் பெறுவது. எகிப்து, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்தும் அது வருகின்றது. எனினும், மலாயாத் தோட்டங்களோடு நெடுங்காலத் தொடர்புடையது கிறிஸ்துமஸ் தீவின் பாஸ்பேட்டே ஆகும். ஜாவாவுக்குத் தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்தீவின் பரப்பு 135 சதுர கிலோமீட்டரே. கடற்பறவைகளின் எச்சம் நெடுங்காலமாகச் சுண்ணாம்புப் பாறையோடு சேர்ந்து அங்குப் பாஸ்பேட்டாக மாறியது. அத்தீவின் கல்லில் பாஸ்பேட் இருப்பதை ஜான் மரே என்னும் அறிவியலாளர் அறிந்து கூறினார். அதனைத் தொடர்ந்து 1888ஆம் ஆண்டில் பிரிட்டன் தீவைத் தன்னுடையதாக்கிக் கொண்டது. 1897ஆம் ஆண்டில் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1900ஆம் ஆண்டில் தீவு சிங்கப்பூருடன் இணைக்கப்பட்டது. 1958ஆம் ஆண்டில் அது ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

அங்குச் சென்ற தொழிலாளர்களின் கதை நம் முன்னோரின் கதையை ஒத்தது. சிங்கப்பூர் வழியாகச் சீனத் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். தீட்டிய அரிசியே முக்கிய உணவாக இருந்தமையால், தொடக்க ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் பெரிபெரி நோய்க்கு இரையாயினர். பிற்காலத்தில் மலாய்த் தொழிலாளர்களும் சேர்ந்தனர். 1975ஆம் ஆண்டில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்து, ஊதிய உயர்வுக்காகப் போராடினர். 1987ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டபோது தொழிலாளர்கள் சோர்ந்துவிடவில்லை. தங்கள் பணத்தையே முதலாகப் போட்டு நிறுவனம் அமைத்து, சில ஆண்டுகளில் சுரங்கத்தை மீண்டும் திறந்தனர்.

அங்குப் பாஸ்பேட்டைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, நொறுக்கி, சலித்துக் கப்பலில் ஏற்றுகின்றனர். தோண்டிய இடத்தில் எஞ்சுவன கூரிய சுண்ணாம்புப் பாறைகளே. பசிபிக் கடலில் உள்ள நவுரு என்னும் சிறு தீவிலும் 1907ஆம் ஆண்டு முதல் பாஸ்பேட் தோண்டப்பட்டது. அதன் நடுப்பகுதி இன்று பயிரேறாத கற்காடாகக் கிடக்கின்றது. எடுத்த கல் திரும்ப விளைவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பண்டைக் கடலின் சாம்பல்சத்து

செந்நிறக் குருணை மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் எனப்படும் ஓர் உப்பாகும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடல்கள் விட்டுச்சென்ற படிவங்களில் அது சாதாரண உப்போடு கலந்து கிடக்கின்றது. அதிலுள்ள சிறிதளவு இரும்புத் துருவே செந்நிறத்துக்குக் காரணம். உலகில் முதன்முதலாக 1861ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் பொட்டாஷ் தொழில் தொடங்கியது. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்திலோ அதனை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கின்றனர்.

வெட்டிய தாதுவை நொறுக்கிக் களிமண்ணைக் கழுவி நீக்குவர். பின்னர் உப்பு கரைந்து நிறைந்த நீருள்ள தொட்டியில் இடுவர். அந்நீரில் மேலும் உப்பு கரையாது. ஆதலால் மணிகள் அப்படியே நிற்கும். அதனோடு ஒரு வேதிப்பொருளைச் சேர்த்துக் காற்றுக் குமிழிகளை எழுப்பினால், பொட்டாஷ் மணிகள் மட்டும் குமிழிகளைப் பற்றிக்கொண்டு நுரையோடு மேலே மிதக்கும். சாதாரண உப்பு அடியில் தங்கும். தங்கிய உப்பில் ஒரு பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்வதும் உண்டு. பெரும்பகுதி சுரங்கத்தின் அருகே மலைபோல் குவிகின்றது.

ஜோர்டானில் சுரங்கம் இல்லை. சாக்கடலின் நீரைப் பாத்திகளில் நிறுத்தி வெயிலில் வற்றவைக்கின்றனர். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். உப்பளத்தில் சோற்றுப்பு முதலில் உறைகின்றது. பொட்டாசியமும் மக்னீசியமும் எஞ்சிய கைப்பு நீரில் நிற்கின்றன. சாக்கடல் பாத்திகளிலும் உப்பு முன்னர்ப் படிய, அடுத்த பாத்திகளில் பொட்டாஷ் கலந்த தாது படிகின்றது.

நம் மண்ணில் நிகழ்வது

ஜொகூரின் ரெங்கம் என்னும் ஊரின் பெயராலேயே ஒரு மண்வகை வழங்குகின்றது. கருங்கல் சிதைந்து உருவான ரெங்கம் மண் புளிப்புத் தன்மையுடையது. பாறைப் பாஸ்பேட் நீரில் எளிதில் கரையாது. ஆயினும் இத்தகைய புளிப்பு மண்ணில் சிறிது சிறிதாகக் கரைந்து வேருக்குப் பயன்படும். பொட்டாஷும் யூரியாவும் அவ்வாறல்ல. நீரில் உடனே கரைவன. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்களில் இட்டால், அவை ஓடையில் கலந்து வீணாகும்.

செம்பனைக் குலையை வெட்டும்தோறும் சாம்பல்சத்து தோட்டத்தை விட்டு வெளியேறுகின்றது. ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையை மரங்களுக்கிடையே பரப்பினால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பும். வெறுங்குலை குப்பையன்று, அதுவும் உரமே.

நம் கையில் உள்ள பொறுப்பு

ஒரு கணக்கைப் பார்ப்போம். மரத்துக்கு ஒரு கிலோ வீதம் என்றால், 50 கிலோ சாக்கு ஒன்று 50 மரங்களுக்கு உணவாகும். வேலையை விரைவில் முடிக்கும் அவசரத்தில் அச்சாக்கை ஓரிடத்தில் கொட்டிவிட்டால், 49 மரங்கள் பட்டினி கிடக்கும். கொட்டிய இடத்தில் வேரும் கருகக்கூடும். இதன் பயன் பின்னர்க் குலையின் எடையில் தெரியும். குலை குறைந்தால் வெட்டுவோரின் வருமானமும் குறையும். தொழிலாளர் மீது மட்டும் இப்பொறுப்பைச் சுமத்துதல் முறையன்று. மேடும் பள்ளமுமான இடத்தில் ஒருவர் ஒரு நாளில் செவ்வையாக இடக்கூடிய அளவையே வேலையாகக் குறித்தல் நிர்வாகத்தின் கடமையாகும். வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்வோருக்கும் மேற்பார்வையாளர்கள் செய்து காட்டி விளக்குதல் வேண்டும்.

உடல்நலமும் கருதத்தக்கது. உரம் இடும்போது கையுறையும் முகமூடியும் அணிக. காயத்தில் பொட்டாஷ் பட்டால் எரியும். உடனே நீரால் கழுவுக. உண்பதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. வெறும் உரச் சாக்கில் அரிசியோ பிற உணவுப்பொருளோ வைத்தல் கூடாது.

ஒரு பிடி உரத்தின் பின்னால் பறவைகளும் பண்டைக் கடலும் சேர்த்துவைத்த செல்வம் இருக்கின்றது. முகமறியாத சுரங்கத் தொழிலாளரின் வியர்வையும் இருக்கின்றது. அதனை மரத்தின் வேரில் சேர்க்கும் இறுதி வேலை நம்முடையது.

சிந்தித்து விடை காண்க

1. மூன்று சத்துகளுள் நம் நாட்டிலேயே ஆக்கப்படுவது எது? எதிலிருந்து?

2. பாறைப் பாஸ்பேட் ரெங்கம் மண்ணுக்கு ஏற்றதாவது ஏன்?

3. உங்கள் தோட்டத்தில் வெறுங்குலை எவ்வாறு பயன்படுகின்றது?