வீட்டிலிருந்தே காசநோய்ச் சிகிச்சை: சென்னை ஆய்வும் மும்பை அனுபவமும்

மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமடையக் கூடியது. ஆயினும், வீட்டில் இருக்கும் நோயாளி நாள்தோறும் மருந்தை உண்கிறாரா என்பதை அறிவதுதான் சுகாதாரத் துறையின் பழைய சிக்கல்.

1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் பங்கேற்றன. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும், மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு ஒரே மருந்துகள் வழங்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவுகளின்படி, வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை எய்தினர். சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் மிகுதி. இருந்தும் வேறுபாடு இவ்வளவே. வீட்டில் உடனிருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இவ்வாய்வும் ஒரு காரணம்.

இவ்வெற்றியில் மருந்துக்கு இணையான பங்கு கண்காணிப்புக்கு உண்டு. பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

பின்னர் வந்த நேரடிக் கண்காணிப்பு முறை, 2006ஆம் ஆண்டில் நாடு முழுவதையும் எட்டியது. பணியாளர் முன்னிலையில் மருந்து உண்ண வேண்டும் என்பது அதன் விதி. தாராவியின் தோல் பட்டறையிலோ தையற்கூடத்திலோ நாட்கூலிக்கு உழைப்பவருக்கு, மருந்துக்காகச் செலவாகும் காலை நேரம் கூலி இழப்பாகும். விதியை வகுத்தோர் இதனைப் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கண்காணிப்பு அறுபட்டால் நேர்வது என்ன என்பதையும் மும்பையே காட்டியது. பெரும்பாலான காசநோய் மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாளிகளைப் பற்றி அந்நகர மருத்துவர்கள் 2012இல் எழுதினர். அவர்களுள் பெரும்பாலோர் முன்னர்ப் பல தனியார் மருத்துவர்களிடம் ஒழுங்கற்ற சிகிச்சை பெற்றவர்கள்.

தொலைபேசி ஒரு மாற்று வழியைத் திறந்தது. ‘99டாட்ஸ்’ முறையில் மாத்திரை அட்டை ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கும். மாத்திரையை வெளியே தள்ளியதும் மறைந்திருந்த எண் தெரியும். அவ்வெண்ணுக்குக் கட்டணமின்றி அழைத்தால் அன்றைய மருந்து கணக்கில் ஏறும். அழைக்காதவரைப் பணியாளர் தேடிச் செல்லலாம். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. அதிலும் திடீர் வருகையும் சிறுநீர்ச் சோதனையுமே உரைகல்லாயின! மருந்துண்டும் அழைக்காதோர் இருந்தனர். அழைத்தும் உண்ணாதோர் இருந்தனர். ஒரு குடும்பத்துக்கு ஒரே தொலைபேசி இருந்து, அதுவும் வேலைக்குச் சென்ற கணவரிடமோ மகனிடமோ இருக்குமானால், வீட்டிலுள்ள பெண் உண்ட மருந்து எவ்வாறு பதிவாகும்?

தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழருள் பலர் திருவிழாவுக்கும் குடும்ப நிகழ்ச்சிகளுக்கும் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று வாரக்கணக்கில் தங்குவதுண்டு. 2012இல் தொடங்கிய ‘நிக்ஷய்’ பதிவேட்டில் நோயாளியின் குறிப்பை வேறு மாவட்டத்திற்கு மாற்ற இயலும். ஆனால், பயணத்தை அவர் முன்கூட்டிச் சொன்னால்தான் அது பயன்படும். நோயை அண்டை வீட்டாரிடம் மறைப்பவர், பயணத்தைப் பணியாளரிடம் சொல்லத் தயங்குவார்.

சிகிச்சை முடிந்த பின்னும் சிலரின் நுரையீரலில் வடுக்கள் தங்கி, மூச்சுத் திணறல் நாட்பட்ட நோயாகிறது. கிருமி அற்றுவிட்டதால் பதிவேட்டில் அவர் குணமடைந்தவர். மாடிப்படி ஏற முடியாத அவரை விசாரிக்க எந்தப் பணியாளரும் வருவதில்லை.