எவ்வளவு நெல் வாங்க வேண்டும்?

மன்னார்குடி ஹரித்ராநதித் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். குளத்துக்குள் வந்த நீரிலிருந்து வெளியேறிய நீரைக் கழித்தால், நீரிருப்பில் ஏற்பட்ட மாறுதல் கிடைக்கும். பொருள் அழியாமை விதியின் எளிய வடிவம் இது. அரிசி ஆலையின் கொள்முதல் கணக்கும் இவ்விதிக்கு உட்பட்டதே. கணக்கியலில் இதற்கு 'நேரடி மூலப்பொருள் பட்ஜெட்' என்று பெயர். அரிசியாக மாறும் நெல்தான் நேரடி மூலப்பொருள். கொதிகலனில் எரியும் உமி அதில் சேராது.

வாங்க வேண்டிய அளவு = உற்பத்தித் தேவை + இறுதி இருப்பு − தொடக்க இருப்பு

ஓர் ஆலை அடுத்த மாதம் 68 குவிண்டால் புழுங்கலரிசி தயாரிக்க வேண்டும் என்று கொள்வோம். 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது அரசுக் கொள்முதல் கணக்கில் வழங்கிவரும் விகிதம். எஞ்சியதில் பெரும்பகுதி உமியும் தவிடும். ஆகவே தேவை 100 குவிண்டால் நெல். மாத முடிவில் 30 குவிண்டால் கையிருப்பு வேண்டும். கிடங்கில் இப்போது இருப்பது 10 குவிண்டால்.

100 + 30 − 10 = 120 குவிண்டால்

இறுதி இருப்பு எதற்கு? குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவத்தில்தான் வருகிறது. அறுவடை ஓய்ந்த மாதங்களிலும் ஆலை ஓட வேண்டுமே!

கணக்கு முடிந்ததா? இல்லை. மேற்கண்ட 120 குவிண்டால், 14 சதவீத ஈரப்பதமுள்ள காய்ந்த நெல்லைக் குறிக்கும். ஐப்பசி மழையில் அறுத்த நெல்லில் 20 சதவீத ஈரம் இருந்தால் என்ன ஆகும்? காயும்போது நீர்தான் வெளியேறுகிறது; உலர்பொருள் மாறுவதில்லை.

உலர்பொருள்: 120 × 0.86 = 103.2 குவிண்டால்
வாங்க வேண்டிய ஈரநெல்: 103.2 ÷ 0.80 = 129 குவிண்டால்

9 குவிண்டால் வெறும் தண்ணீர்! இதை மறந்து 120 குவிண்டால் ஈரநெல்லையே வாங்கினால், காய்ந்தபின் 111.6 குவிண்டால்தான் மிஞ்சும். இறுதி இருப்பு 30லிருந்து 21.6 ஆகக் குறைந்துவிடும். தண்ணீருக்கும் நெல் விலை கொடுத்தாயிற்று.

உழவருக்கும் இந்த எண் முக்கியம். அரசு நேரடிக் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால், மழை மிரட்டும்போதும் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

நீங்களே செய்து பாருங்கள்: ஈரம் 17 சதவீதமானால், மேற்கண்ட ஆலை எவ்வளவு நெல் வாங்க வேண்டும்?

(விடை: ஏறத்தாழ 124.3 குவிண்டால்)