மோட்டார் வண்டியின் மின்பங்கீட்டுப் பெட்டி

வகுப்பறையில் ஓமின் விதியை மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, அன்றே மறந்துவிட்ட பழைய மாணவர் பலர் இன்று நெல் வியாபாரிகளாகவும் மீன் முதலாளிகளாகவும் நெசவுச்சாலை அதிபர்களாகவும் விளங்குகின்றனர். அவருட் பலரிடம் பிக்கப் வண்டியும் உண்டு. அவர்கள் மறந்த அவ்விதி அவ்வண்டியின் பொனற்றுக்குக் கீழே நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கின்றது. அதனை அங்கே சென்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனால் வரும் பயன் சிறிதன்று. சாய்ந்தமருதுக் கரையில் விடியற்காலையில் மீனை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்பும்போது வண்டி அசையாது நின்றால், ஐஸ் கரைவதற்குள் முதலும் கரைந்துவிடும். பின்னர் கராஜுக்கு இழுத்துச் சென்றால், “பெட்டி பழுது, முழுவதையும் மாற்றவேண்டும்” என்ற தீர்ப்புக் கிடைக்கின்றது. அத்தீர்ப்புச் சரியாக இருப்பதும் உண்டு. ஆனால் மாற்றிய பின்பும் பழுது தீராது, இறுதியில் துருப்பிடித்த ஒரு கம்பிமுனையே குற்றவாளி எனக் காணப்படுவதும் உண்டு.

பற்றரியிலிருந்து வரும் மின், ஸ்ராட்டருக்கு நேரே செல்லும் தடித்த கம்பி நீங்கலாக, பெரும்பாலும் இப்பெட்டிக்கு வந்தே பிரிகின்றது. இங்கே பியூசுகளும் றிலேக்களும் உள்ளன. பியூஸ் காவற்காரன், தன் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால் தான் உருகிக் கம்பியைக் காக்கும். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 என நிறத்தாலேயே அளவை அறியலாம். உருகிய பியூசுக்குப் பதிலாகச் செப்புக்கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் நம்மூரில் இன்னும் மறையவில்லை. அவ்வாறு செய்தால் அடுத்து உருகுவது வண்டியின் கம்பித்தொகுதியே. அது தீப்பற்றவும் கூடும்.

றிலேயை விளக்க நம் வயல்களுக்கே செல்லலாம். மடைக்கதவைத் திருக ஒரு மனிதனின் கைவலி போதும். அதனாற் பாயும் நீரோ ஒரு வட்டை முழுவதையும் நனைக்கும். றிலேயின் சுருளுக்கு வேண்டியது ஏறக்குறைய 0.15 அம்பியர், அச்சுருள் காந்தமாகி மூடும் தொடுமுனை வழியே 30 அம்பியர் வரை பாயலாம். பழைய வண்டிகளில் மடையைத் திறந்தது சாரதியின் விரல். புதிய வண்டிகளில் அக்கட்டளையை இடும் வட்டைவிதானை ஒரு கணினி. பொஷ் நிறுவனம் 1986 இல் வெளியிட்ட ‘கான்’ என்னும் முறையில், இரண்டே கம்பிகளில் கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறுகின்றன. இப்பெட்டியும் அச்செய்தியைக் கேட்டு நடக்கும் ஒரு கணினியாகிவிட்டது.

இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. முன்னர் றிலேயைக் கையாற் பிடுங்கி, ஹோர்னின் றிலேயை அவ்விடத்திற் செருகிப் பார்த்துவிடலாம். இப்போது சில றிலேக்கள் பெட்டியினுள்ளே அட்டையில் ஈயம் வைத்து ஒட்டப்பட்டுள்ளன. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் இத்தகைய பெட்டியைத் தன் ஜீப், டொட்ஜ் வாகனங்களிலும், அதே காலத்து ராம் பிக்கப்புகளிலும் பொருத்தியது. எரிபொருட் பம்பியின் றிலே பழுதடைந்து, வண்டி கிளம்பாமலும் ஓடும்போதே நின்றும் போவதால், 2011 ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த கிராண்ட் செரோக்கி, டுராங்கோ வாகனங்களை 2014 இல் திரும்ப அழைக்க நேர்ந்தது. அதற்குச் செய்த பரிகாரம் யாதெனில், பெட்டிக்கு வெளியே தனியான ஒரு றிலேயை இணைத்ததே! பழைய முறையைக் குறைவாக மதித்தவர்கள் அதனிடமே திரும்பிச் சென்றனர் என்க. நம் தெருக்களில் ஓடும் டிமோ பட்டாவின் எளிய பெட்டியைக் கண்டு நகைப்போர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

நமது கரையில் இதற்கு மேலும் ஒரு பகைவன் உண்டு. அது உப்புக்காற்று. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை வீதி கடலை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை; மீன்பெட்டியிலிருந்து வடியும் நீரும் உப்பே; மாரியில் வெள்ளமும் சேர்கின்றது. செப்பு பச்சைப் பூசணமாகின்றது. இணைப்பில் தடை பிறக்கின்றது. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 55 வாற்று முன்விளக்குகள் இரண்டின் மொத்தத் தடை ஏறக்குறைய 1.3 ஓம். அவற்றின் பொதுவான எர்த் இணைப்பில் 0.2 ஓம் தடை கூடினால், மின்னோட்டம் 9 அம்பியரிலிருந்து 8 ஆகக் குறையும். இணைப்பில் மாத்திரம் 1.6 வோல்ற்று வீணாகும். விளக்கு மங்குவதோடு நில்லாது, அச்சிறு முனையில் 12 வாற்றுக்கு மேற்பட்ட வெப்பம் பிறக்கும். பிளாஸ்ரிக் இளகிக் கருகுவது இதனாலேயே.

ஆகவே, பெட்டியைக் குறைகூறுமுன் மல்டிமீற்றரை எடுங்கள். ஓய்விலிருக்கும் நிறைந்த பற்றரி 12.6 வோல்ற்றுக் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 அளவில் நிற்கவேண்டும். ஸ்ராட்டர் சுழலும்போது 9.6 இற்குக் கீழ் இறங்கினால் பற்றரியையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். வோல்ற்றளவு குறைந்தால் கணினிகள் தடுமாறிப் பொய்யான பழுதுகளைக் காட்டும். அடுத்து, மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் உலோகத்திலும் வைத்து ஸ்ராட்டரைச் சுழற்றுக. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்கவேண்டும். தடையை ஓம் அளவில் நிறுத்திப் பார்ப்பது இங்கே உதவாது. ஒரு நூலிழை மாத்திரம் எஞ்சிய கம்பியும் மின்பாயாதபோது நல்ல கம்பிபோலவே நடிக்கும்.

இரவில் நிறுத்திய வண்டியின் பற்றரி காலையில் வெறுமையானால், ஒட்டிக்கொண்ட றிலே ஒன்று இருக்கலாம். கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்க அரைமணி நேரம் விட்டுப் பின்னர் அளந்தால், 0.05 அம்பியர் அளவுக்குள் இருத்தல் நன்று. 1 அம்பியர் ஒழுகினால் 60 அம்பியர்-மணிப் பற்றரி இரண்டரை நாளில் வற்றிவிடும். பழைய பற்றரிக்கு ஓரிரவே போதும். பியூசைப் பிடுங்கினால் உறங்கிய கணினி விழித்துக்கொள்ளலாம். எனவே ஒவ்வொரு பியூசின் இரு முதுகுப் புள்ளிகளுக்கும் இடையே மில்லிவோல்ற்றை அளப்பதே சிறந்தது. எதில் அளவு தோன்றுகின்றதோ அந்த வழியில் ஒழுக்கு உண்டு.

இவையெல்லாம் முடிந்து, பெட்டிக்குள் மின் வருகின்றது, எர்த் நன்று, பியூஸ் நன்று, கணினியின் கட்டளையும் வருகின்றது, ஆயினும் வெளியேறும் முனையில் மின் இல்லை என்று கண்டால் மாத்திரமே பெட்டி பழுது எனலாம். அப்போதும் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: புதிய பெட்டி வண்டியின் இலக்கத்துக்கு ஏற்பப் பதிவு செய்து தரப்படுமா? அது வேண்டிய வண்டிகளில், பதிவு செய்யாத பெட்டியைப் பொருத்தினால் வண்டி கிளம்பாது. கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனைக் கம்பியையே முதலிற் கழற்றுக.