ராத்திரி சர்வரை அணைக்கப் போறியா? முதல்ல இதைப் படி

வீட்டு சர்வர் ராத்திரி பூரா சும்மா ஓடுது, தானா அணைஞ்சா நல்லதுன்னு நீ நினைக்கிறது சரிதான். 40 வாட் இழுக்கிற பழைய டெஸ்க்டாப்பை ராத்திரி 7 மணி நேரம் அணைச்சு வெச்சா, ரெண்டு மாச கரண்ட் பில்லில் கிட்டத்தட்ட 17 யூனிட் மிச்சம். அதுக்காக எங்கேயோ பார்த்த ஒரு வரியைக் காப்பி பண்ணி ஒட்டிட்டுத் தூங்கப் போயிடாதே.

1. ராத்திரி அது என்னென்ன வேலை பார்க்குதுன்னு ஒரு பேப்பரில் எழுது. சிசிடிவி பதிவு அதுலதான் ஓடுதுன்னா இந்த யோசனையையே விட்டுடு. வீட்டு டிஎன்எஸ்ஸைப் பார்த்துக்கிற பை-ஹோல் ஓடுதா? சர்வர் அணைஞ்சதும் வீட்டில் ஒருத்தருக்கும் நெட் வராது. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர் வீட்டில் இருந்தா அவர் பாடு திண்டாட்டம். முதல்ல பை-ஹோலை வேற சின்ன போர்டுக்கு மாத்து.

2. உன்னுடையது ராஸ்பெரி பை 4-ஆ? அணைக்காதே. 5 வாட் மெஷினில் மாசத்துக்கு ஒரு யூனிட்தான் மிச்சமாகும். அதுக்குள்ளே கடிகாரமும் கிடையாது. அதனால தானா எழாது, காலையில் நீதான் பிளக்கைப் பிடுங்கிச் சொருகணும்.

3. சினாலஜி நாஸ் வெச்சிருந்தா கன்ட்ரோல் பேனலில் பவர் ஷெட்யூல் இருக்கு. அணையுற நேரம், எழுற நேரம் ரெண்டையும் அங்கேயே போடலாம். மீதியை நீ படிக்கவே வேண்டாம்.

4. லினக்ஸ்னா ரூட்டுடைய கிரான்டேபில் எழுது. உன் சொந்த கிரான்டேபில் எழுதினா அணைக்க அனுமதி கிடைக்காது. ராத்திரி 11.30-க்கு '30 23 * * *'. நிமிஷம்தான் முதல்ல, மறந்துடாதே. அந்த 30 இருக்கிற இடத்தில் * போட்டா, 11-லிருந்து 12 வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தடவை அணைக்கச் சொல்லும். நீ ஆன் பண்ணப் பண்ண அது அணைஞ்சுட்டே இருக்கும். ஷட்டவுன் கமாண்டுக்கு முழுப் பாதையும் கொடு. கூடவே +10 சேர்த்துக்கோ. பத்து நிமிஷம் முன்னாடியே எச்சரிக்கை வரும், வேண்டாம்னா ரத்து பண்ணிக்கலாம்.

5. சர்வரோட டைம்சோனைப் பாரு. யுடிசியில் இருந்தா நீ போட்ட 11.30, நமக்கு விடியற்காலை 5 மணி! மாத்தினா கிரானையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணு.

6. சிஸ்டம்டி டைமர் போடுறவங்க 'பெர்சிஸ்டென்ட்' வசதியை ஆன் பண்ணவே கூடாது. கரண்ட் போயி ராத்திரி ஷட்டவுன் தவறிப்போச்சுன்னா, காலையில் ஆன் பண்ணினதும் விட்டுப்போன வேலையை முடிக்கிறேன்னு உடனே அணைஞ்சுடும். நீ ஹார்டு டிஸ்க் போச்சுன்னு பயந்துட்டு உட்கார்ந்திருப்பே.

7. எழுப்புறதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. பயாஸில் ஆர்டிசி அலாரம் இருக்கும், அதை ஆன் பண்ணு. ஆனா லினக்ஸ் மட்டும் ஓடுற மெஷினில் போர்டு கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில்தான் இருக்கும். அப்போ காலை 6 மணிக்கு எழணும்னா அங்கே நள்ளிரவு 12.30-னு போடணும். பயாஸில் இப்போ மணி என்ன காட்டுதுன்னு பார்த்துட்டுக் கணக்குப் போடு. பழைய போர்டுன்னா சிஆர்2032 பேட்டரியையும் மாத்திடு. அது செத்துப்போயி கரண்டும் போச்சுன்னா கடிகாரமே மறந்துடும், அப்புறம் அலாரம் எங்கே அடிக்கப்போகுது?

8. கரண்ட் வந்ததும் மெஷின் என்ன செய்யணும்னு பயாஸில் ஒரு இடம் இருக்கும். அது 'பவர் ஆன்'ல இருந்தா, ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போய் வந்ததும் சர்வர் எழுந்து விடியும்வரை ஓடும். 'லாஸ்ட் ஸ்டேட்'னு மாத்து.

9. ஸ்மார்ட் பிளக்கால் அணைக்காதே, சொல்லிட்டேன்! எழுதிட்டிருக்கிற டிஸ்க்கில் திடீர்னு கரண்டை நிறுத்தினா போட்டோ எல்லாம் கெட்டுப்போகலாம்.

10. பேக்கப்பை ஷட்டவுனுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வை. அது முடிஞ்சுதான்னு ஸ்கிரிப்ட்டில் ஒரு சோதனையும் போடு. ஓடிட்டிருந்தா அரை மணி தள்ளிப்போகட்டும்.

எல்லாம் போட்டதும் ராத்திரி வரைக்கும் காத்திருக்காதே. ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து நிமிஷம் தள்ளி ஒரு ஷட்டவுனும், அரை மணி தள்ளி ஒரு அலாரமும் வெச்சுப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாரு. எழுந்துதுன்னா சரியான நேரத்தை மாத்திப் போட்டுட்டுப் போய்ச் சாப்பிடு.